மாத்திரையை விட்டுட்டு மந்தாரைக் கஷாயத்துக்கு மாறலாமா?

திருமங்கலம் வாசகி, 9 மார்ச் 2025

வயசு 34. தைராய்டு குறைவுக்கு ரெண்டு வருஷமா 50 மைக்ரோகிராம் மாத்திரை போடுறேன். போன வாரம் ரத்தப் பரிசோதனையில டிஎஸ்எச் 8.9 (தைராய்டு குறைஞ்சா இது ஏறுமாம்). டோஸைக் கூட்டணும்ங்கிறார் டாக்டர். எங்க பக்கத்து வைத்தியர் ஒருத்தர், மாத்திரை போடப் போட சுரப்பி சோம்பேறியாயிடும், அதை நிறுத்திட்டு 3 மாசம் காஞ்சனார குக்குலுங்கிற ஆயுர்வேத மாத்திரையும் மந்தாரைப் பட்டைக் கஷாயமும் சாப்பிட்டா சுரப்பி தானா எந்திரிக்கும்ங்கிறார். ஆயுர்வேதத்துல ஹார்மோனைச் சமன் பண்ண முடியும்னா எதுக்கு ஆயுசு பூரா மாத்திரை? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கடைக்காரி, 9 மார்ச் 2025, இரவு 10.15

நிறுத்தாதீங்க. மத்ததை அப்புறம் பேசுவோம்.

நான் யாருன்னா, கீழமாசி வீதிப் பக்கம் எங்கப்பா வச்சிருந்த நாட்டு மருந்துக் கடையில இப்ப கல்லாவுல உக்காந்திருக்கிறவ. 11 வருஷமா தைராய்டு மாத்திரை போடுறவளும் நானேதான். மந்தாரைப் பட்டையை நிறுத்துக் குடுக்கிற கையாலதான் காலையில மாத்திரை அட்டையைக் கிழிக்கிறேன்.

"சுரப்பி சோம்பேறியாயிடும்"ங்கிறதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போச்சு. நம்ம மாதிரி பலருக்கு இருக்கிறது ஹாஷிமோட்டோ. 1912-ல ஒரு ஜப்பானிய டாக்டர் விவரிச்சது, அவர் பேரே நோய்க்கு நின்னுடுச்சு. உடம்போட காவல்படையே சுரப்பியை எதிரின்னு நினைச்சு அரிச்சுத் தின்னுது. ரத்தத்துல டிபிஓ எதிர்ப்பொருள் (அந்தக் காவல்படை சுரப்பி மேல ஏவுறது) பார்த்தா தெரிஞ்சிடும். அடி வாங்குற சுரப்பியைப் போய் சோம்பேறிங்கிறது அநியாயம். மாத்திரையில இருக்கிறதும் சுரப்பி தரவேண்டிய அதே டீ-4 ஹார்மோன்தான், வேற ஏதோ ரசாயனம் இல்ல.

இன்னொண்ணு. மாத்திரையை நிறுத்தின மறுநாளே ஒண்ணும் ஆகாது. ஆளைக் கவிழ்க்கிறதே அதுதான். ரத்தத்துல இருக்கிற டீ-4 பாதியாக் குறையவே ஒரு வாரம் ஆகும். முதல் பத்து நாள் "இல்லாமயே நல்லாத்தான இருக்கேன்"னு தோணும். வைத்தியர் மேல பக்தி வந்துடும். முகம் வீங்கி, முடி கொட்டி, மாடிப்படியில மூச்சு வாங்குறப்ப மாசம் ரெண்டு ஓடியிருக்கும்.

ஆனா கஷாயத்தை நான் பழிக்க மாட்டேன். 2016-ல எனக்கு டிஎஸ்எச் 11.4. மாத்திரை 75-ஐ 100 ஆக்கணும்னாங்க. மூணு மாசம் தவணை கேட்டுட்டு, மாத்திரையோட மந்தாரைக் கஷாயமும் சேர்த்துக் குடிச்சேன். 3.2-க்கு இறங்குச்சு. கடைக்கு வர்றவங்க அத்தனை பேர்கிட்டயும் இதைச் சொல்லியிருக்கேன். அதனால, சேர்த்துக் குடிங்க, மாத்தாதீங்க.

கடைக்காரி, 10 மார்ச் 2025, மதியம் 2.30

மேலூர்க்காரர் "குங்கிலியம் வாங்கி வச்சிருக்கேன், எவ்வளவு பொடி போடணும்"னு கேட்டிருக்கார். ஐயோ சாமி, அதை உள்ள எடுத்துடாதீங்க.

குக்குலு வேற, குங்கிலியம் வேற. குங்கிலியம் சால மரத்துப் பிசின், நாம வெள்ளிக்கிழமை புகை போடுறது. கண்ணாடித்துண்டு மாதிரி நொறுங்கும். குக்குலு ராஜஸ்தான், குஜராத் வறண்ட காட்டு முள்செடியில வடியிற பிசின். எங்க கடையில மைசாட்சின்னாதான் பையனுக்குப் புரியும். விரலால அமுக்கினா பிசுபிசுன்னு ஒட்டும், வெந்நீர்ல போட்டா பால் மாதிரி கலங்கும். அந்தச் செடியை வெட்டிக் கீறியே அழிவு விளிம்புக்குக் கொண்டுவந்துட்டாங்க. மலிவா கிடைச்சா சந்தேகப்படுங்க.

எங்க பையனே சேர்ந்த புதுசுல ஒரு அம்மாவுக்கு மாத்திக் குடுத்தான். நல்லவேளை, அந்தம்மா வாடை பிடிச்சுப் பார்த்துட்டு, "என்னத்தா, சாமிக்குப் போடுறதை எனக்குக் கட்டுறான்"னு திரும்ப வந்துட்டாங்க.

காஞ்சனார குக்குலு மாத்திரையில குக்குலு மட்டும் கிடையாது. மந்தாரைப் பட்டை, திரிகடுகு, திரிபலா, மாவிலங்கப் பட்டை, ஏலம், லவங்கப்பட்டை, லவங்கப்பத்திரி எல்லாம் உண்டு.

கடைக்காரி, 12 மார்ச் 2025, இரவு 11.05

"சுசுருதரே தைராய்டைப் பத்தி எழுதியிருக்கார்"னு ஒருத்தர் சண்டைக்கு வந்திருக்கார். எழுதியிருக்கார்தான், நான் இல்லைங்கலை. அந்தப் பழைய ஆயுர்வேத ஆசிரியரோட நூல்ல, நோய்களை விவரிக்கிற நிதான ஸ்தானம் 11-வது அத்தியாயம், கலகண்டம். கழுத்துல தொங்குற வீக்கம். எது மாதிரித் தொங்கும்னு அவர் சொல்ற உவமையை எங்கப்பா வாசிச்சுக் காட்டும்போது அம்மா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுவாங்க. விரைப்பை மாதிரி தொங்குமாம். வாதம், கபம், மேதஸ் (கொழுப்பு)னு மூணு வகை.

அவர் பார்த்தது கழலையை. கையால தொட்டு, கண்ணால பார்த்து எழுதினது. உங்க ரிப்போர்ட்ல இருக்கிற 8.9 கழுத்துல தெரியாது. எனக்கு 11 வருஷமா நோய், கழுத்து இன்னைக்கும் சங்கு மாதிரி இருக்கு (வீட்டுக்காரர் வேற மாதிரி சொல்லுவார்). ஹார்மோன்ங்கிற சொல்லையே 1905-ல ஸ்டார்லிங்ங்கிற இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்தான் முதல்ல எழுதுறார். டீ-4-ஐ கெண்டல்ங்கிற அமெரிக்க வேதியியலாளர் பிரிச்செடுத்தது 1914-ல. அதுக்கு முந்தின எந்த ஏட்டுலயும், சித்தமோ ஆயுர்வேதமோ, "ஹார்மோன் சமநிலை" இருக்க வாய்ப்பில்ல. அது இந்தக் காலத்து டப்பா மேல அச்சடிக்கிற வாசகம்.

கபம் கூடினா வர்ற குறிகள் தைராய்டு குறைவுக்குப் பொருந்துதேன்னா, பொருந்தத்தான் செய்யுது. மந்தம், குளிர், எடை, வீக்கம், அசதி, வரிசையா அப்படியே. ஆனா ஹாஷிமோட்டோ சிலருக்கு ஆரம்பத்துல எதிர்ப்பக்கமா காட்டும். சுரப்பி உடையும்போது சேமிச்சு வச்சதெல்லாம் ஒரேடியா கொட்டி, படபடப்பு, வேர்வை, எடை இறக்கம். அப்ப பித்தம்பீங்க. மூணு மாசத்துல அதே ஆள் கபமாயிடுவார். குறியைப் பார்த்து மருந்து கொடுக்கலாம், தப்பில்ல. பக்கத்துல ரத்தப் பரிசோதனையும் இருக்கட்டும்.

கடைக்காரி, 16 மார்ச் 2025, மாலை 4.50

அமுக்கரா பத்தி ஏழு பேர் கேட்டாச்சு. ஞாயித்துக்கிழமை, கடை பாதி நாள்தான், உக்காந்து எழுதுறேன்.

நல்ல அமுக்கராக் கிழங்கு சுண்டுவிரல் பருமன். ஒடிச்சா டக்குன்னு ஒடியணும், உள்ள மாவு மாதிரி வெள்ளையா இருக்கணும். மூக்குல வச்சா குதிரை லாயம் அடிக்கும். அசுவகந்திங்கிற பேரே குதிரை வாடைன்னுதான். வளைஞ்சு ஒடியாம நார் உரிஞ்சா அது பழசு, இல்ல கலப்படம். எங்களுக்குப் பெரும்பாலும் மத்தியப் பிரதேசம் நீமச் சந்தை சரக்கு. வந்ததை அப்படியே பொடிக்கக் கூடாது. பானையில பாலும் தண்ணியும் விட்டு, வாயில துணி கட்டி, மேல பொடியைப் பரப்பி ஆவியில பிட்டு மாதிரி அவிச்சுக் காயவச்சு மறுபடி இடிக்கணும். எங்கப்பா அதை விடவே மாட்டார். இப்ப எத்தனை டப்பாக்காரங்க செய்றாங்களோ.

அமுக்கராச் சூரணம்னு வாங்குறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. கூட்டிப் பாருங்க, பாதிக்கு மேல சர்க்கரை. சினைப்பை நீர்க்கட்டிக்காகச் சர்க்கரையைக் குறைக்கிற பொண்ணுங்க இதை ஸ்பூன் ஸ்பூனா சாப்பிடுறதைப் பார்த்திருக்கேன்.

தைராய்டுக்கு வருவோம். 2018-ல வந்த ஒரு சோதனை, 50 பேர், தினம் 600 மில்லிகிராம் வேர்ச் சாறு, 8 வாரம். லேசான குறைவு இருந்தவங்களுக்கு டிஎஸ்எச் இறங்கி டீ-4 ஏறியிருக்கு. சின்ன சோதனை, சின்ன காலம். அதை வச்சுத் தம்பட்டம் அடிக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. தைராய்டை ஏத்துற சரக்குன்னா, ஏற்கனவே ஏறிக் கிடக்கிறவங்களுக்கு ஆபத்துதான. அமுக்கரா சாப்பிட்டு தைராய்டு எகிறினவங்க, ஈரல் கெட்டவங்கன்னு மருத்துவ இதழ்கள்ல பதிவும் இருக்கு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, என் நாத்தனார். போன வருஷம். மாத்திரை 100-ல இருந்தவங்களுக்கு, தூக்கம் வரலைன்னாங்களேன்னு நான்தான் பாலோட அரை ஸ்பூன் அமுக்கரா குடுத்தேன். ஒரு மாசம் கழிச்சு நெஞ்சு படபடன்னு அடிக்குது, டம்ளர் பிடிச்சா கை ஆடுது. டிஎஸ்எச் 0.06, டீ-4 எல்லைக்கு மேல, அதாவது தைராய்டு அளவு மீறிடுச்சு. டாக்டர் மாத்திரையை 75 ஆக்கி, "யார் குடுத்தாங்க இதை"ன்னு கேட்டாராம். நாத்தனார் என் பேரைச் சொல்லாம, "கடையில வாங்கினேன்"னு சொல்லியிருக்காங்க. பொய் இல்லையே. அன்னையிலருந்து தைராய்டு மாத்திரை போடுறவங்களுக்கு அமுக்கரா விக்கிறதில்ல. கேட்டுட்டுத்தான் நிறுக்கிறேன்.

கடைக்காரி, 17 மார்ச் 2025

இல்ல, "பேர் சொல்லாத நாத்தனார் கிடைச்சா கோயில் கட்டலாம்"னு எழுதினவருக்கு: கட்டுங்க. கும்பாபிஷேகத்துக்கு அவங்களையே கூப்பிடுவோம், குறை சொல்ல ஆள் வேணும்ல.

கடைக்காரி, 29 மார்ச் 2025, அதிகாலை 5.20

9-ம் தேதி எழுதினதைத் திருத்தணும். ராத்திரி தூக்கம் வரலை.

சோழவந்தான்காரர் ஒருத்தர் ரெண்டே வரியில கேட்டிருந்தார்: "கஷாயத்தை எப்ப நிறுத்தினீங்க? நிறுத்தின பிறகு டிஎஸ்எச் ஏறுச்சா?"

நிறுத்தினது 2017 தை மாசம். ஏறலை. அடுத்த வருஷம் 2.9, அதுக்கடுத்து 3.1. "வேரோட போச்சு"ன்னுதான் இத்தனை நாள் சொல்லிக்கிட்டிருந்தேன். வேரோட போயிருந்தா ஏன் இன்னமும் 75 போடுறேன்? இந்தக் கேள்வி எட்டு வருஷமா எனக்கு வரலை.

அப்புறம் உக்காந்து அந்தக் காலத்துக் காலைப்பொழுதை ஒவ்வொண்ணா எழுதிப் பார்த்தேன். 2016-க்கு முந்தி, அஞ்சரைக்கு எந்திரிப்பேன், ஒரு கையில மாத்திரை, ஒரு கையில காபி. காபியில போட்டே முழுங்குவேன். அட்டையில வெறும் வயித்துலன்னு போட்டிருந்தது. வெறும் வயிறுன்னா இட்லி போகாத வயிறுன்னு நினைச்சேன். மதுரையில காபியை யார் சாப்பாட்டுக் கணக்குல வைக்கிறா? கஷாயம் குடுத்த வைத்தியர் ஒரு பத்தியம் சொன்னார். ஆறரைக்குக் கஷாயம், அதுக்கு முந்தி பச்சைத் தண்ணி தவிர எதுவும் கூடாது, பின்னாடி ஒரு மணி நேரம் பாலும் காபியும் கூடாது. காபி ஏழரைக்குப் போச்சு. மாத்திரை அஞ்சரைக்குத் தண்ணியோட உள்ள போச்சு. கஷாயம் நின்ன பிறகும் ஏழரைக் காபி பழக்கம் அப்படியே இருக்கு.

காபி இந்த மாத்திரையைக் குடல் முழுசா உறிஞ்சவிடாது. சாப்பாட்டுக்கும் காபிக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முந்திப் போடணும்ங்கிறது டாக்டருங்க எல்லாரும் சொல்றதுதான். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைன்னா 4 மணி நேரம் தள்ளி.

ஆக என் 11.4-ஐ இறக்கினது மந்தாரையா, காபி தள்ளிப்போனதா? நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா பந்தயம் கட்டச் சொன்னா காபி மேலதான் கட்டுவேன். எட்டு வருஷமா எத்தனை பேருக்கு பட்டை நிறுத்துக் குடுத்திருப்பேன், அதுல ஒருத்தர்கிட்டயாவது "காபி எப்ப குடிக்கிறீங்க"ன்னு கேட்டேனா?

திருமங்கலம்: உங்க கேள்விக்கு இப்ப என் பதில் ஒரே கேள்விதான். மாத்திரையை எதோட போடுறீங்க?

கடைக்காரி, 30 மார்ச் 2025

காபியோடதானாம். பால் காபி.

கடைக்காரி, 6 ஏப்ரல் 2025, மதியம் 3.10

சாப்பாடு பத்தி வந்த கேள்விங்க. வெயில் மண்டையைப் பிளக்குது, கடைக்கு ஆள் இல்ல.

இந்துப்பு: நான் விக்கிறேன், நல்லா போகுது, அதனால சொல்றேன். அயோடின் தனியா சேர்க்கலைன்னா அதுல தேவைக்கு அயோடின் கிடையாது. "உடம்புக்கு நல்லது"ன்னு வீட்டு உப்பையே முழுசா இந்துப்புக்கு மாத்துறவங்க இருக்காங்க. இமாச்சலத்துக் காங்ரா பள்ளத்தாக்குல 1956-லிருந்து டாக்டர் ராமலிங்கசாமி குழு அயோடின் உப்பு குடுத்துப் பார்த்து, கழலை குறையுதுன்னு காட்டினாங்க. 1962-ல தேசியத் திட்டமே வந்துச்சு. 2006-லிருந்து அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விக்கத் தடை. தூத்துக்குடிக் கல்லுப்பு மூட்டையைப் பிரிச்சு அளந்த எங்கப்பா, "உப்புக்குக் கூட சட்டமா"ன்னு அன்னைக்கு முணுமுணுத்தார். அதுக்காக அயோடின் மாத்திரை வாங்கி முழுங்காதீங்க. ஹாஷிமோட்டோக்காரங்களுக்கு அளவு மீறின அயோடின் கெடுதல்.

கம்பு: கம்பு கழலையைத் தூண்டும்ங்கிறது வதந்தி இல்ல. சூடான்ல டார்ஃபூர் பக்கம் கம்பே சோறா இருந்த ஜனங்களுக்குக் கழலை அதிகம்னு பார்த்து, கம்புல இருக்கிற சில பொருள்கள் தைராய்டைத் தடுக்குதுன்னு 1989-ல எழுதினாங்க. அவங்களுக்கு அயோடினும் குறைச்சல். வாரம் ரெண்டு சொம்பு கம்மங்கூழ் குடிக்கிற நமக்கு அந்தப் பயம் வேண்டாம். முட்டைக்கோஸ், மரவள்ளி எல்லாம் இதே கணக்குதான். வேக வச்சு, அளவோட.

ஜிகர்தண்டா: கடல்பாசி இருக்கே, அயோடின் கிடைக்குமான்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். தம்பி, குடிக்கணும்னா குடிங்க, காரணம் தேடாதீங்க. பாசியைக் காய்ச்சி வடிச்சு எடுத்ததுல பெருசா ஒண்ணும் மிஞ்சாது.

கடைக்காரி, 22 ஏப்ரல் 2025, இரவு 9.30

மார்ச் 16-ல நாத்தனார் கதை எழுதினேன்ல. அதுவும் ஆடுது இப்ப.

நேத்து வீட்டுக்கு வந்தாங்க. இந்த இழையைப் படிச்சிருக்காங்க (யாரோ அனுப்பிட்டாங்க, கோயில் மேட்டர் உட்பட). கோபப்படலை. "அப்ப இன்னொண்ணும் சாப்பிட்டேனே மதினி, முடி கொட்டுதுன்னு பார்லர்ல குடுத்த கேப்சூல்"னாங்க. பழைய டப்பாவைப் பையிலிருந்து எடுத்தாங்க. பயோட்டின்ங்கிற வைட்டமின், 10 மில்லிகிராம்.

பயோட்டின் உடம்புல தைராய்டை ஒண்ணும் பண்ணாது. லேப் மெஷினைத்தான் ஏமாத்தும். பல லேப்கள்ல சோதனைக் கரைசலையே பயோட்டினை வச்சுத்தான் ஒட்ட வைக்கிறாங்க. ரத்தத்துல அது மிதமிஞ்சி இருந்தா டிஎஸ்எச் குறைச்சலாவும் டீ-4 அதிகமாவும் பொய்யா வரும். அச்சு அசலா நாத்தனார் ரிப்போர்ட் மாதிரி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-லயே எச்சரிச்சிருக்கு. ரத்தம் குடுக்க ரெண்டு நாளாவது முந்தி அதை நிறுத்திடணும்.

அப்ப அமுக்கரா குத்தமில்லையா? படபடப்பும் கை நடுக்கமும் மெஷின் பொய் இல்லையே. ஆனா அந்த மாசம் அவங்க பையனுக்கு பிளஸ் டூ பரீட்சை, இவங்க ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிச்சு டீ போட்டுக் குடுத்துத் தானும் குடிச்சிருக்காங்க. டாக்டர் சொன்னதும் அமுக்கராவையும் கேப்சூலையும் ஒரே நாள்ல நிறுத்திட்டாங்க, மாத்திரையும் குறைஞ்சது. மூணையும் ஒண்ணா அசைச்சா எது என்ன பண்ணுச்சுன்னு எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

தைராய்டுக்காரங்களுக்கு அமுக்கரா விக்கிறதில்லைங்கிறதை மாத்தப்போறதில்ல. காரணம்தான் முன்ன மாதிரி உறுதியா இல்ல.

கடைக்காரி, 14 மே 2025, இரவு 10.40

அழகர் ஆத்துல இறங்கின கூட்டத்துல மூணு நாள் கடை திறக்கலை. அதுக்குள்ள ஒருத்தர் படம் போட்டு, "இந்தப் பொடி சாப்பிட்டு ரெண்டே வாரத்துல டிஎஸ்எச் நார்மல்"னு எழுதியிருக்கார். லேபிள் இல்லாத பாக்கெட், உள்ள என்னன்னு குடுத்தவர் சொல்லலையாம், "பரம்பரை ரகசியம்".

மூலிகை ரெண்டு வாரத்துல டிஎஸ்எச்சை இறக்கினா எனக்கு முதல்ல சந்தேகம்தான் வரும். 2013-ல அமெரிக்காவுல "தைராய்டுக்கு உதவும்"னு விக்கிற 10 சரக்கைச் சோதிச்சதுல 9-ல நிஜ தைராய்டு ஹார்மோனே இருந்தது. ரகசியம் உங்க டாக்டர் எழுதித் தர்ற அதே மாத்திரையா இருக்கலாம், அளவு மட்டும் தெரியாது. அதுக்கும் முந்தி, 2004-ல பாஸ்டன் கடைகள்ல வாங்கின 70 ஆயுர்வேதச் சரக்குல 14-ல ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ கண்டுபிடிச்சாங்க. இதைப் படிச்சப்ப என் தொழிலை நானே காட்டிக் குடுக்கிற மாதிரி வலிச்சது. ஆனா கடைக்கு வர்றவங்க லேபிளைக் கேக்க ஆரம்பிச்சா எனக்கு நல்லதுதான், என்கிட்ட இருக்கு.

கழற்சிக்காய் பத்திக் கேட்ட பொண்ணுக்கு: நீர்க்கட்டிக்கு அம்மாச்சி காலத்துலருந்து குடுக்கிறது, ஓட்டை உடைச்சுப் பருப்பை மிளகோட இடிச்சு. அந்தக் கசப்புக்கு முன்னாடி வேம்பு பாயசம். மனுஷங்க மேல பெரிய சோதனை நான் பார்த்ததில்ல. உடம்பு எடையில 5 சதவீதம் இறங்கினாலே பல பேருக்கு மாதவிடாய் ஒழுங்காகும்ங்கிறதுக்கு ஆதாரம் நிறைய. ரேஸ்கோர்ஸ்ல காலையில ஒரு மணி நேரம் நட, கழற்சியும் சாப்பிடு, எது வேலை செஞ்சதுன்னு மட்டும் என்னைக் கேக்காத.

கடைக்காரி, 3 ஜூன் 2025, காலை 11.00

திருமங்கலம், இதை மார்ச்லயே சொல்லியிருக்கணும் நீங்க. ரெண்டாவது குழந்தைக்குப் பார்த்துக்கிட்டிருக்கீங்கன்னு இப்ப சொல்றீங்க.

அப்ப இது கஷாயமா மாத்திரையாங்கிற பட்டிமன்றம் இல்ல. முதல் மூணு மாசம் குழந்தையோட மூளை வளர்றது அம்மாவோட தைராய்டு ஹார்மோனை நம்பி. கரு நின்னதும் தேவை கால் பங்கு, சில பேருக்கு அரைப் பங்கு கூடும். அதனாலதான் டாக்டருங்க முன்கூட்டியே டிஎஸ்எச்சை 2.5-க்குக் கீழ கொண்டுவரப் பார்க்கிறாங்க. அமுக்கரா, குக்குலு ரெண்டும் இந்த நேரத்துல வேண்டாம். எந்த நல்ல வைத்தியரும் குடுக்க மாட்டார். குடுத்தா அவரை விட்டு விலகுங்க.

கடைக்காரி, 29 ஜூன் 2025, இரவு 8.15

எனக்குக் கஷாயம் குடுத்த வைத்தியரைப் பார்க்க இன்னைக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் போனேன். எண்பது தாண்டிட்டார், காது மந்தம். காபி கதையைக் கத்திக் கத்திச் சொன்னேன். உங்க மருந்து வேலை செய்யலை ஐயா, பத்தியம்தான் வேலை செஞ்சிருக்குன்னேன். சிரிச்சுக்கிட்டே, "பத்தியத்தைச் சொன்னது யாரு?"ன்னார்.

பஸ்ல வர்ற வரைக்கும் இதுக்குப் பதில் யோசிச்சேன். கிடைக்கலை. எரிச்சலா இருந்துச்சு.

கடைக்காரி, 20 ஜூலை 2025, இரவு 9.50

திருமங்கலத்து ரிப்போர்ட் வந்தாச்சு. மாத்திரை அதே 50, தண்ணியோட, காபி ஒரு மணி நேரம் தள்ளி. 8.9 இருந்தது 4.6. குழந்தைக்குப் பார்க்கிறதால அது பத்தாதுன்னு டாக்டர் 75 ஆக்கிட்டார், ஆறு வாரம் கழிச்சு மறுபடி பார்க்கணும். பார்த்தியா காபிதான்னு எல்லாருக்கும் சொல்லலாம்னு கை பரபரத்துச்சு. போன் போட்டுப் பேசினேன். மார்ச்சுல காலையில மாத்திரையோட சேர்த்தே கால்சியம் மாத்திரையும் போட்டுக்கிட்டிருந்தாங்களாம். காபியைத் தள்ளினப்பவே அதையும் ராத்திரிக்கு மாத்திட்டாங்களாம். "அதைச் சொல்லணுமாக்கா?"ங்கிறாங்க.